ஊசி போட்டால் மகன் நடப்பானா? தண்டுவடக் காயமும் ஆராய்ச்சிகள் சொல்வதும்

ஜும்ஆ முடிந்து கூட்டம் கலைந்த பிறகும் ஒருவர் மட்டும் மிஹ்ராபுக்கு அருகே தயங்கி நின்றார். "ஹஜ்ரத், ஒரு மஷ்வரா கேக்கணும்" என்றார்.

அவருடைய மகனுக்கு வயது 26. வளைகுடா நாடொன்றில் கட்டட வேலை செய்தபோது சாரத்திலிருந்து விழுந்துவிட்டார். நெஞ்சுக்குக் கீழே உணர்வும் இல்லை, அசைவும் இல்லை. ஊர் திரும்பி ஒன்றரை ஆண்டு ஆகிறது.

"வெளி மாநிலத்துல ஒரு ஆஸ்பத்திரி இருக்காம். ஸ்டெம் செல் ஊசி மூணு தவணை போட்டா எந்திரிச்சு நடந்துடுவான்னு சொல்றாங்க. வீட்டை வித்தாத்தான் அவ்வளவு பணம் புரளும். வித்துடலாமா ஹஜ்ரத்? அந்த ஊசியில ஹராம் ஹலால் பிரச்சினை ஏதும் இருக்கா?"

அவர் கேட்டது மார்க்கச் சட்டம். ஆனால் அதற்கு முன்னால் வேறொரு கேள்வி நிற்கிறது: அந்த ஆஸ்பத்திரி சொல்வது உண்மையா? அது தெரியாமல் ஃபத்வா சொல்ல முடியாது. நான் மருத்துவன் அல்லன். மதரஸாவில் ஓதி, பிறகு கல்லூரியில் கலைப் பட்டம் பெற்றவன். அவரிடம் இரண்டு வாரம் அவகாசம் கேட்டேன். மருத்துவர்களிடம் விசாரித்தேன், ஆராய்ச்சி முடிவுகளைத் தேடிப் படித்தேன். நம் சமுதாயத்தில் சாரத்திலிருந்தும் மரத்திலிருந்தும் பைக்கிலிருந்தும் விழுந்து படுக்கையில் கிடக்கும் பிள்ளைகள் பலர் இருப்பதால், அவருக்குச் சொன்னதை எல்லோருக்கும் சொல்லிவிடுவது நல்லது என்று இதை எழுதுகிறேன்.

தண்டுவடம் என்றால் என்ன?

மதரஸாவில் ஓதியவர்களுக்கு 'நுகாஃ' என்ற அரபுச் சொல் பழக்கமானது. அறுத்துப் பலியிடும் பாடத்தில் வரும். கத்தியை நுகாஃ வரை இறக்குவது மக்ரூஹ் என்று ஹனஃபி நூல்கள் சொல்கின்றன. பிராணிக்குத் தேவையற்ற வேதனை தரக்கூடாது என்பதே காரணம். அந்த நுகாஃதான் தண்டுவடம். இப்னு ஸீனா தமது 'அல்கானூன்' நூலில் கழுத்து, நெஞ்சு, இடுப்பு ஆகிய பகுதிகளில் தண்டுவடத்திலிருந்து கிளம்பும் நரம்புகளைத் தனித்தனியாகவே விவரித்திருக்கிறார்.

முதுகெலும்பு வேறு, தண்டுவடம் வேறு. முதுகெலும்பு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய எலும்புக் கட்டைகள். அவற்றின் நடுவிலுள்ள குழாய்க்குள் மூளையிலிருந்து இறங்கி வருகிறது தண்டுவடம். நீளம் ஏறக்குறைய 45 சென்டிமீட்டர். பருமன் நம் சுண்டுவிரல் அளவுதான். அதிலிருந்து 31 ஜோடி நரம்புகள் இரு பக்கமும் பிரிகின்றன. 'காலைத் தூக்கு' என்று மூளை இடும் கட்டளை இதன் வழியே இறங்குகிறது; 'கால் சுடுகிறது' என்ற செய்தி இதன் வழியே ஏறுகிறது.

எந்த இடத்தில் அடிபட்டதோ அதற்குக் கீழேதான் பாதிப்பு. இடுப்புப் பக்கம் அடிபட்டால் கால்கள் போகும். கழுத்தில் பட்டால் கைகளும் சேர்ந்து போகும். கழுத்தின் மேற்பகுதியில் பட்டால் மூச்சுவிடுவதே சிரமமாகும். அசைவு மட்டுமல்ல, சிறுநீர், மலம், இரத்த அழுத்தம், வியர்வை ஆகியவற்றின் கட்டுப்பாடும் இதே வழியில்தான் நடக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவர் 'கால் போய்விட்டது' என்கிறார். வீட்டில் பார்த்துக்கொள்ளும் உம்மாவுக்குத்தான் மீதியெல்லாம் தெரியும்.

கைக்காயம் ஆறுகிறது, இது ஏன் ஆறுவதில்லை?

கையிலோ காலிலோ ஒரு நரம்பு அறுந்தால், தைத்துவிட்ட பிறகு அது மெல்ல மெல்ல மறுபடி வளரும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். தண்டுவடத்தில் மட்டும் அப்படி நடப்பதில்லை. ஏன் என்பதுதான் நூறாண்டுக்கு மேலாக விஞ்ஞானிகளைக் குடைந்த கேள்வி.

அடிபடும்போது உண்மையில் இரண்டு அடிகள் விழுகின்றன. எலும்பு நொறுங்கித் தண்டுவடத்தை நசுக்குவது முதல் அடி. அடுத்த சில மணி நேரங்களிலும் நாட்களிலும் வீக்கம், இரத்த ஓட்டக் குறைவு, நச்சாக மாறும் வேதிப்பொருட்கள் ஆகியவை சுற்றியுள்ள நல்ல நரம்பணுக்களையும் கொல்வது இரண்டாம் அடி. பிறகு அந்த இடத்தில் தழும்பும் நீர்க்கட்டி போன்ற குழியும் உண்டாகின்றன. அறுந்த நரம்பிழைகள் அந்தத் தழும்பின் ஓரத்தில் வந்து நின்றுவிடுகின்றன.

பண்டைய எகிப்தின் எட்வின் ஸ்மித் பாப்பிரஸ் என்ற மருத்துவச் சுவடி, 3,500 ஆண்டுகளுக்கு மேல் பழையது. கழுத்தெலும்பு நழுவி, கை கால் உணர்வற்று, சிறுநீர் தானாக வடியும் நோயாளியை அது துல்லியமாக விவரிக்கிறது. பிறகு, இது சிகிச்சை செய்யத்தக்கதல்ல என்று முடித்துவிடுகிறது. நவீன நரம்பியலின் தந்தை எனப்படும் ஸ்பெயினின் ரமோன் இ கஹாலும், வளர்ந்த மனிதரின் மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புப் பாதைகள் அழியலாம், மறுபடி வளராது என்றே எழுதினார். அதே சமயம், அதை மாற்ற முடிந்தால் மாற்றுவது வருங்கால விஞ்ஞானத்தின் வேலை என்றும் சொல்லிவைத்தார்.

வளர மறுக்கிறதா, வளரவிடாமல் தடுக்கப்படுகிறதா?

1981இல் கனடாவின் மாண்ட்ரியால் நகரில் ஆல்பர்ட் அகுவாயோவும் சாமுவேல் டேவிட்டும் ஒரு சோதனை செய்தார்கள். எலியின் கால் நரம்பில் ஒரு துண்டை எடுத்து, மூளையின் அடிப்பகுதிக்கும் தண்டுவடத்துக்கும் இடையே பாலம்போல் வைத்தார்கள். வளரவே வளராது என்று கருதப்பட்ட நரம்பிழைகள் அந்தப் பாலத்துக்குள் சில சென்டிமீட்டர் தூரம் வளர்ந்தன. பாலத்தைக் கடந்து மறுபடி தண்டுவடத்துக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டன. ஆக, நரம்பிழைக்கு வளரும் திறன் இருக்கிறது. அது இருக்கும் சூழல்தான் தடுக்கிறது என்று தெரிந்தது.

தடுப்பது எது? சுவிட்சர்லாந்தின் ஜூரிக் நகரில் மார்ட்டின் ஷ்வாப் என்பவர் பல ஆண்டுகள் தேடினார். நரம்பைச் சுற்றியுள்ள கொழுப்பு உறையில், வளர்ச்சியை நிறுத்தும் ஒரு புரதம் இருப்பதைக் கண்டார். பின்னாளில் அதற்கு 'நோகோ' என்று பெயர் வந்தது. 'போகாதே' என்று பொருள். அதன் வாயை அடைக்கும் ஓர் எதிர்ப்பொருளை எலிகளுக்குக் கொடுத்தபோது நரம்பிழைகள் கூடுதலாக வளர்ந்தன. அதை 1990இல் வெளியிட்டார்.

எலியில் பலித்த அது மனிதரில் பலித்ததா? இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். புதிதாகக் கழுத்தில் காயம்பட்ட நூற்றுக்கும் மேற்பட்டவர்களிடம் ஐரோப்பிய நாடுகள் சிலவற்றில் அந்த எதிர்ப்பொருள் சோதிக்கப்பட்டது. 2024இல் முடிவு வந்தது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தபோது, மருந்து பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் கை பலத்தில் உறுதியான வித்தியாசம் இல்லை. காயம் முழுமையாக இல்லாமல் ஓரளவு அசைவு மிச்சமிருந்தவர்களிடம் மட்டும் நம்பிக்கை தரும் அறிகுறிகள் தெரிந்தன. அதை இன்னும் ஆராய்கிறார்கள். எலியிலிருந்து மனிதருக்கு வர 34 ஆண்டுகள். வந்த பிறகும் பதில் 'இன்னும் பார்க்க வேண்டும்' என்பதுதான். நேர்மையான ஆராய்ச்சி இப்படித்தான் பேசும்.

வேறு சிலர் மீனிடம் போனார்கள். வரிக்கோடுகள் கொண்ட ஜீப்ரா மீன், நம் இந்தியத் துணைக்கண்டத்து ஓடைகளில் வாழும் சிறு மீன். அதன் தண்டுவடத்தை முழுவதும் வெட்டினாலும் ஒன்றிரண்டு மாதங்களில் மறுபடி நீந்தத் தொடங்குகிறது. மனிதத் தண்டுவடத்தில் தடையாகும் தழும்பு அதற்கு உண்டாவதில்லை. அதற்குப் பதிலாகத் துணைச் செல்கள் பாலம் கட்டுகின்றன. அந்தப் பாலத்துக்குக் காரணமான மரபணுக்களைத் தேடும் பணி நடக்கிறது. விரலின் நுனியைக்கூடச் சீராக்க ஆற்றலுள்ளவன் ஒரு சிறு மீனுக்குக் கொடுத்திருப்பதைப் பார்க்கும்போது ஸுப்ஹானல்லாஹ் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

காயத்துக்குக் கீழே உயிர் இருக்கிறது

இரண்டாவது பாதை ஒன்று உண்டு. எனக்கு மிகவும் வியப்பளித்தது இதுதான்.

தண்டுவடம் வெறும் கம்பியல்ல. 1911இல் கிரஹாம் பிரவுன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி, மூளையோடு தொடர்பறுந்த பூனையின் தண்டுவடம் தானாகவே கால்களை மாற்றி மாற்றி நடைபோல் அசைப்பதைக் காட்டினார். நடையின் தாளம் தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியிலேயே எழுதப்பட்டிருக்கிறது. மூளை 'நட' என்று தொடங்கி வைக்கிறது. எந்தத் தசை முந்த வேண்டும், எது பிந்த வேண்டும் என்ற கணக்கைத் தண்டுவடமே பார்த்துக்கொள்கிறது. நெஞ்சில் காயம்பட்டவருக்கு இந்தக் கீழ்ப்பகுதி பெரும்பாலும் நல்லபடியாகவே இருக்கும். கட்டளை வராததால் உறங்கிக் கிடக்கிறது, அவ்வளவுதான். 'முழுக் காயம்' என்று மருத்துவர் எழுதியவர்களில்கூடப் பலருக்குச் சில நரம்பிழைகள் அறுபடாமல் மிச்சமிருக்கின்றன.

அந்தக் கீழ்ப்பகுதியை மெல்லிய மின்சாரத்தால் தட்டி எழுப்பினால்? அமெரிக்காவின் லூயிவில் நகரில் சூசன் ஹார்கெமா குழுவினர் அதைச் செய்தனர். தண்டுவடத்தின் உறைமீது மின்முனைகள் பொருத்தப்பட்ட ஒருவர், கருவி இயங்கும்போது பிடிமானத்துடன் எழுந்து நின்றார், காலை விரும்பியபடி அசைத்தார். 2011இல் இது வெளியானது. 2018இல் லூயிவில், அமெரிக்காவின் மேயோ கிளினிக், சுவிட்சர்லாந்தின் லோசான் ஆகிய மூன்று இடங்களிலிருந்தும், சிலர் உதவியுடன் சில அடிகள் நடந்த செய்தி வந்தது. மூன்று குழுக்களும் இதை மாதக்கணக்கான கடும் பயிற்சியுடன் சேர்த்தே செய்தன.

லோசானில் கிரெகுவார் கூர்தீனும் அறுவை மருத்துவர் ஜோஸ்லின் பிளாக்கும் 2023இல் இன்னொரு படி ஏறினார்கள். சைக்கிள் விபத்தில் பத்தாண்டுகளுக்கு முன் கால்கள் செயலிழந்த நெதர்லாந்துக்காரர் ஒருவரின் மூளை மேற்பரப்பில் உணர்கருவிகளைப் பொருத்தினார்கள். 'நடக்க வேண்டும்' என்று அவர் நினைப்பதைக் கருவி படித்து, காயத்தைத் தாண்டி, தண்டுவடத்தின் கீழே இருக்கும் மின்முனைகளுக்கு அனுப்பியது. அவர் ஊன்றுகோலுடன் நடந்தார், படி ஏறினார். பயிற்சிக்குப் பிறகு, கருவியை அணைத்த நிலையிலும் ஊன்றுகோல் உதவியோடு சில அடிகள் எடுத்து வைத்தார். இதில் நாம் மறக்கக்கூடாதது: இது ஒரே ஒருவரின் கதை. கடையில் கிடைக்கும் சிகிச்சை அல்ல.

அறுவை சிகிச்சையே இல்லாமல் கழுத்துத் தோலின்மீது மின்முனை ஒட்டிச் செய்யும் முறையும் வந்திருக்கிறது. கழுத்தில் பகுதிக் காயம்பட்டுக் கைகள் பலவீனமான 60 பேரிடம் சோதித்து, 2024இல் முடிவு வெளியிட்டார்கள். முதல் இரண்டு மாதம் பயிற்சி மட்டும். அடுத்த இரண்டு மாதம் பயிற்சியோடு மின்தூண்டல். 72 சதவீதத்தினருக்குக் கையின் பலத்திலும் பயன்பாட்டிலும் முன்னேற்றம். காயம்பட்டு 34 ஆண்டுகள் ஆனவரும் அந்த ஆய்வில் இருந்தார். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2024 டிசம்பரில் இந்தக் கருவிக்கு அனுமதி கொடுத்தது. முன்னேற்றம் என்றால் எழுந்து ஓடுவது அல்ல. டம்ளரைப் பிடிப்பது, விரலால் கிள்ளி எடுப்பது. ஆனால் தானே ஒரு வாய் சோறு அள்ளி உண்ண முடியாதவரிடம் கேட்டுப் பாருங்கள், அதன் மதிப்பு தெரியும்.

ஸ்டெம் செல்: எது உண்மை, எது வியாபாரம்?

இப்போது அந்தத் தந்தையின் கேள்விக்கு வருவோம்.

ஸ்டெம் செல் ஆராய்ச்சி பொய்யல்ல. ஜப்பானின் ஷின்யா யமனாகா, வளர்ந்த உடலின் சாதாரணச் செல்லைப் பின்னோக்கித் திருப்பி, எந்த உறுப்பின் செல்லாகவும் மாறத்தக்க ஆதிநிலைக்குக் கொண்டுவரலாம் என்று காட்டி 2012இல் நோபல் பரிசு பெற்றார். இதற்குக் கருவைச் சிதைக்கத் தேவையில்லை என்பதால், மார்க்க அறிஞர்களின் பெரிய கவலை ஒன்றும் இதில் எழவில்லை. அந்த முறையில் உருவாக்கிய நரம்புச் செல்களை டோக்கியோவின் கெயோ பல்கலைக்கழகம் தண்டுவடக் காயம்பட்ட நால்வருக்குச் செலுத்தியது. 2025 மார்ச்சில் அறிவித்தார்கள்: கடுமையான பக்கவிளைவு இல்லை, நால்வரில் இருவருக்கு அசைவில் முன்னேற்றம். ஆனால் நால்வருமே காயம்பட்டு 2 முதல் 4 வாரங்களுக்குள் இருந்தவர்கள். அந்தக் காலத்தில் சிலருக்கு இயற்கையாகவே ஓரளவு திரும்ப வரும். எனவே செல்லால் வந்ததா, தானாக வந்ததா என்று சொல்ல இன்னும் பெரிய ஆய்வு வேண்டும்.

உலகின் முன்னணி ஆய்வுக்கூடத்தின் நிலையே இதுவென்றால், ஒன்றரை ஆண்டு பழைய காயத்துக்கு மூன்று ஊசியில் நடை வரும் என்று விலை சொல்பவர் எதை வைத்துச் சொல்கிறார்?

ஆபத்தும் இருக்கிறது. அமெரிக்கப் பெண் ஒருவர் போர்ச்சுகலில் தம் மூக்கின் உட்தோலிலிருந்து எடுத்த செல்களைத் தண்டுவடத்தில் வைத்துக்கொண்டார். 8 ஆண்டுகள் கழித்து முதுகில் கடும் வலி. திறந்து பார்த்தால், அந்த இடத்தில் சளி சுரக்கும் கட்டி வளர்ந்திருந்தது. 2014இல் மருத்துவ இதழில் இது பதிவானது. இத்தனைக்கும் அது ஆய்வின் பகுதியாகச் செய்யப்பட்டது. கணக்கு வழக்கில்லாத இடங்களில் நடப்பவை பெரும்பாலும் பதிவாவதே இல்லை.

நம் நாட்டுச் சட்ட நிலையும் தெரிந்திருக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, இரத்தம் தொடர்பான சில நோய்களுக்கான எலும்பு மஜ்ஜை மாற்று சிகிச்சைகள் தவிர, மற்றெதற்கும் ஸ்டெம் செல்லை அங்கீகரிக்கப்பட்ட ஆய்வுக்கு வெளியே சிகிச்சையாகக் கொடுக்கக்கூடாது. ஆய்வாக நடத்தினால் நோயாளியிடம் அதற்குப் பணம் வாங்கக்கூடாது.

ஆகவே யாராவது இப்படியொரு சிகிச்சை சொன்னால் ஐந்து கேள்விகள் கேளுங்கள்:

1. இது பதிவு செய்யப்பட்ட ஆய்வா? பதிவு எண் என்ன?
2. நெறிமுறைக் குழுவின் அனுமதிக் கடிதத்தைக் காட்ட முடியுமா?
3. ஆய்வு என்றால் எங்களிடம் ஏன் பணம் கேட்கிறீர்கள்?
4. இவ்வளவு பழைய காயத்தில் இது பலன் தந்ததாக எந்த மருத்துவ இதழில் வந்திருக்கிறது?
5. பலன் இல்லாவிட்டாலோ பாதிப்பு வந்தாலோ பொறுப்பு யாருடையது?

காணொளியில் ஒருவர் எழுந்து நடப்பதைக் காட்டுவது இவற்றில் எதற்கும் பதில் ஆகாது.

மருத்துவம் தெரியாமல் மருத்துவம் செய்து கெடுதல் விளைவித்தவர் அதற்கு ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பது அபூதாவூத், நஸாயீ நூல்களில் பதிவான நபிமொழியின் கருத்து. சிகிச்சை தேடச் சொன்ன அதே மார்க்கம்தான் இதையும் சொன்னது. எல்லா நோய்க்கும் நிவாரணம் இறக்கப்பட்டிருக்கிறது, அதை அறிந்தவர் அறிவார், அறியாதவர் அறியமாட்டார் என்ற கருத்தில் வரும் அறிவிப்பையும் நாம் அடிக்கடி பயானில் சொல்கிறோம். அதன் பின்பகுதியை யோசித்துப் பாருங்கள். நிவாரணம் இருக்கிறது என்பது ஈமான். அது இன்று இவர் கையில் இருக்கிறது என்பது தனிச் செய்தி. அதற்கு ஆதாரம் வேண்டும். இரண்டையும் குழப்பித்தான் நம் வீடுகளை விற்க வைக்கிறார்கள்.

இன்றே கையில் இருக்கும் சிகிச்சை

தண்டுவடக் காயம்பட்டவர்களின் வாழ்வை மெய்யாக நீட்டியது அதிசய மருந்து எதுவும் அல்ல. நாஜிகளிடமிருந்து தப்பி இங்கிலாந்து வந்த லுட்விக் குட்மன் என்ற யூத மருத்துவர், 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் ஒரு பிரிவைத் தொடங்கினார். அதுவரை இப்படிப்பட்ட நோயாளிகள் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் விரைவிலேயே இறந்துபோனார்கள். குட்மன் செய்தது எளிமையானது: இரவு பகல் பாராமல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தார், சிறுநீர்ப்பையைச் சுத்தமாகப் பராமரித்தார், வேலையும் விளையாட்டும் கற்றுக்கொடுத்தார். 1948இல் அங்கே 16 பேருடன் நடந்த வில்வித்தைப் போட்டியே இன்றைய பாராலிம்பிக்கின் விதை.

நம் தமிழ்நாட்டிலும் முன்மாதிரிகள் உண்டு. வேலூர் சிஎம்சி மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்தார். சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966இல் வேலூரில் மறுவாழ்வு மருத்துவ நிலையம் உருவாகக் காரணமானார். கல்லூரி மாணவராக இருந்தபோது 1975இல் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981இல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். இன்றும் அது ஆயிரக்கணக்கானோருக்கு மறுவாழ்வு கொடுக்கிறது. வீட்டை விற்பதற்கு முன் இதுபோன்ற இடங்களுக்கு ஒருமுறை போய்வாருங்கள்.

வீட்டில் பார்த்துக்கொள்பவர்கள் மறக்கக்கூடாதவை:

படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றுங்கள். உணர்வில்லாத தோலைத் தினமும் கண்ணால் பாருங்கள். சிவப்பு தெரிந்தால் அந்த இடத்தில் அழுத்தம் படக்கூடாது. சிறுநீரைக் குறித்த நேரத்தில் சுத்தமான குழாயால் வெளியேற்றக் கற்றுக்கொள்ளுங்கள். பெரும்பாலோர் தாங்களே செய்துகொள்ள முடியும். மூட்டுகள் இறுகாமல் இருக்கத் தினமும் பயிற்சி கொடுங்கள். நாளைக்கு நல்ல சிகிச்சை ஒன்று வந்தாலும், இறுகிப்போன மூட்டுக்கும் அழுகிய புண்ணுக்கும் அது பயன்படாது. 

நெஞ்சின் நடுவுக்கு மேலே காயம் இருந்தால் ஓர் அவசர நிலையைத் தெரிந்துவைத்திருங்கள். திடீரென மண்டையைப் பிளக்கும் தலைவலி, முகம் சிவந்து வியர்த்தல், இரத்த அழுத்தம் எகிறுதல். பெரும்பாலும் சிறுநீர்ப்பை நிரம்பியதோ மலம் கட்டியதோ காரணமாக இருக்கும். உடனே நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, சிறுநீர்க் குழாய் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். அடங்காவிட்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

விபத்து நடக்கும் இடத்தில் நீங்கள் இருந்தால், விழுந்தவரைக் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் மடக்கித் திணிக்காதீர்கள். கழுத்தும் முதுகும் வளையாமல் அப்படியே வைத்து 108க்கு அழையுங்கள். அந்த இடத்தில் தீ போன்ற உடனடி ஆபத்து இருந்தால் மட்டும், பலர் சேர்ந்து உடலை நேராகப் பிடித்து நகர்த்துங்கள்.

தொழுகையும் பள்ளிவாசலும்

"என் தொழுகை கூடுமா?" என்று இந்தப் பிள்ளைகள் கேட்காமல் மனதுக்குள் வைத்துப் புழுங்குகிறார்கள். மூலநோயால் சிரமப்பட்ட இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள், நின்று தொழ இயலாவிட்டால் உட்கார்ந்தும், அதற்கும் இயலாவிட்டால் விலாப்புறமாகப் படுத்தும் தொழ வழிகாட்டியது புகாரியில் இருக்கிறது. தலையால் சாடை செய்து தொழலாம். சிறுநீர்க் குழாயும் பையும் இணைந்தே இருப்பவர் மார்க்கச் சட்டத்தில் 'மஃதூர்', அதாவது தங்கடமுள்ளவர். ஹனஃபி மத்ஹபில் ஒவ்வொரு வக்துக்கும், ஷாஃபிஈ மத்ஹபில் ஒவ்வொரு ஃபர்ளுக்கும் ஒளு செய்துகொண்டால் போதும். பிறகு வடிந்தாலும் தொழுகைக்குக் கேடில்லை. தண்ணீர் பயன்படுத்த இயலாதவருக்குத் தயம்மும் உண்டு. உங்கள் நிலைமையை உங்கள் ஊர் ஆலிமிடம் வெட்கப்படாமல் சொல்லிக் கேளுங்கள்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள். நம் பள்ளிவாசல்களில் எத்தனையில் சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம் இருக்கிறது? மினாராவுக்குச் செலவிடும் பணத்தில் ஒரு சிறு பகுதி போதும். ஜகாத்துக்குத் தகுதியான வீட்டாருக்குக் காற்றுமெத்தை, சிறுநீர்க் குழாய்கள், பிசியோதெரபிச் செலவு ஆகியவற்றுக்கு உதவலாம். மாற்றுத்திறனாளிகள் அடையாள அட்டைக்கு அலைய ஆளில்லாத வீட்டுக்கு நம் இளைஞர்கள் ஒருநாள் ஒதுக்கலாம்.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தந்தை வந்தார். இவற்றையெல்லாம் சொன்னேன். "அப்ப ஊசி ஹராமா ஹஜ்ரத்?" என்றார்.

"ஊசி ஹராம்னு நான் சொல்லல. ஆதாரம் இல்லாததை ஆதாரம் இருக்குன்னு சொல்லி விக்கிறது மோசடி. அதுக்காகப் பிள்ளைங்க தலைக்கு மேல இருக்கிற கூரையை விக்க வேணாம்னுதான் சொல்றேன்" என்றேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. "நடக்கவே மாட்டானா?" என்று கடைசியில் கேட்டார். அல்லாஹ்வின் ஆற்றலுக்கு எல்லை வகுக்க நான் யார்? மனிதர்களுக்கு இன்றுவரை அறியக் கொடுத்தது இவ்வளவு, நாளை கூடுதலாகக் கொடுக்கலாம், அதுவரை அவன் உடம்பைக் காப்பாற்றி வைப்பது நம் அமானிதம் என்று மட்டும் சொன்னேன்.

வீடு விற்கப்படவில்லை. மகன் மூன்று மாதம் மறுவாழ்வு மையம் ஒன்றில் தங்கினார். கால் இன்னும் அசையவில்லை. ஆனால் படுக்கைப் புண் ஆறிவிட்டது. யார் உதவியும் இல்லாமல் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாறுகிறார். தம் சிறுநீரைத் தாமே கவனித்துக்கொள்கிறார். வீட்டு முன்னறையில் மொபைல் பழுது பார்க்கிறார். போன மாதம் ஜும்ஆவுக்கு வந்திருந்தார். பள்ளிவாசல் வாசலில் நான்கு படிகள். நான்கு பேர் நாற்காலியோடு தூக்கி உள்ளே வைத்தார்கள். அடுத்த வாரமே சாய்தளம் கட்ட நிர்வாகக் குழுவில் முடிவு செய்தோம்.

நோயுற்ற எல்லோருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவையும், அவர்களைப் பராமரிக்கும் பெற்றோருக்கும் மனைவிமாருக்கும் அழகிய பொறுமையையும், பயன்தரும் கல்வியைத் தேடுவோருக்கு நேர்வழியையும் தந்தருள்வானாக! ஆமீன்.